தொப்பியும் தொண்டையும்

நம் மறைமாவட்டத்துப் பங்குகளில் திருவிழா என்றால் கொடியேற்றம், நவநாள், மறையுரை, சப்பரப் பவனி என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையின் கடைசியில், வாண வேடிக்கைக்கும் கொடியிறக்கத்துக்கும் நடுவே எங்கேயோ, பாட்டுக் கச்சேரி ஒன்றும் நெடுநாளாய் ஒட்டிக்கொண்டு வருகிறது. அது வேண்டாம் என்போரும் உண்டு. ‘மாதாவுக்கு எடுத்த விழாவில் எம்.ஜி.ஆருக்கு என்ன வேலை?’ என்று பங்குப் பேரவையில் ஆண்டுதோறும் ஒருவர் எழுந்து கேட்பார். ஆண்டுதோறும் கச்சேரியும் நடக்கும். கேட்டவரே முன்வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

புளியங்குடியில் அண்மையில் அப்படி ஓர் இரவில், நண்பர் ஒருவரின் அழைப்பின்பேரில் நாமும் அந்த நாற்காலிகளுள் ஒன்றில் அமர்ந்திருந்தோம். சுவரொட்டியில் ‘இன்னிசைக் குழு’ என்று பெரிதாக இருந்தது. மேடையில் இருந்தவர்களோ நால்வர்: கீபோர்டு வாசிப்பவர், ரிதம் பேட் தட்டுபவர், ஒரு பாடகி, பிறகு அன்றைய இரவின் நாயகர். நாயகருக்கு ஐம்பது வயது கடந்திருக்கும். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தென்மாவட்டங்களில் இத்தொழிலைச் செய்து பிழைப்போர் பலர். நாம் சொல்ல வந்தது அவர்கள் எல்லாரையும் பற்றியது. மறைந்த பாடகர்களைப் போலவே பாடுவதும், அவர்கள் யாருக்காகப் பாடினார்களோ அந்த நடிகர்களைப் போலவே உடுத்தி ஆடுவதும் இவர்கள் தொழில். ஊரார் இவர்களை ‘டூப்’ என்கிறார்கள். அச்சொல்லில் இருக்கும் இளக்காரம் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அது எங்கிருந்து பிறக்கிறது என்பது நமக்குப் புரியாமலும் இல்லை.

முதல் அரைமணி நேரம் எம்.ஜி.ஆர். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, உயர்த்திய இரு விரல். கூட்டம் விசிலடித்தது. பாட்டு சுமார்தான். கையசைவுக்கு மூச்சு செலவாகிவிட, சரணத்தில் ஒவ்வோர் அடியின் கடைசிச் சீரும் தேய்ந்து போயிற்று. பாடியது டி.எம்.சௌந்தரராசனின் பாட்டு, டி.எம்.எஸ். அடியின் கடைசி எழுத்தை ஒருநாளும் கைவிட்டவர் அல்லர். அவரிடமிருந்து ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம் என்றால் நாம் அதைத்தான் கேட்போம். அடுத்து சிவாஜி. இங்கே ஒரு வியப்பு. தொப்பியும் கண்ணாடியும் போனபின், சால்வை ஒன்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு, ஒலிவாங்கியைக் கம்பத்திலேயே விட்டுவிட்டு, அசையாமல் நின்று பாடினார். சொற்கள் முழுமையாக வந்து விழுந்தன. ழகரம் ழகரமாகவே இருந்தது. டி.எம்.எஸ்ஸின் குரல் அவருக்கு இல்லை. அந்தக் கனமும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டை அவர் மதித்துப் பாடினார் என்பதைக் காது உணர்ந்தது. பின்னால் கடலை விற்றுக்கொண்டிருந்தவர் கூடக் கூவுவதை நிறுத்தினார். இது மிகையன்று.

மூன்றாவதாக வந்தவர் சந்திரபாபு. நாம் இக்கட்டுரையை எழுத நேர்ந்தது இந்த மூன்றாம் பகுதியினால்தான்.

ஜே.பி.சந்திரபாபுவை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை என்று எண்ணிவிடலாம். உண்மையில், அவர் நம்மவர் என்பதையே நம்முள் பலர் அறியார். 1927-இல் தூத்துக்குடியில் பிறந்தவர். ஜோசப் பனிமயதாசன் என்ற பெயரிலேயே அந்த ஊரின் பனிமய மாதா இருக்கிறாள். தந்தையார் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். அதன் விளைவாகக் குடும்பம் கொழும்புக்குப் பெயர நேர்ந்தது. மகன் அங்கே கத்தோலிக்கப் பள்ளியில் படித்தார். துறைமுக நகரமாகிய கொழும்பில், ஆங்கிலேயரும் பறங்கியரும் கேட்ட இசைத்தட்டுகள் அந்தச் சிறுவனின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். சென்னைக்கு வந்து, வாய்ப்புக் கிடைக்காமல் அலைந்து, 1952-இல் ஜெமினி ஸ்டூடியோ வளாகத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்து, அதன்பின் தமிழ்த் திரை அதுவரை கேட்டிராத ஒரு குரலோடு எழுந்து நின்றார். 1974 மார்ச் 8-இல் வறுமையில் இறந்தார். சாந்தோமுக்கு அருகே குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார். நகைச்சுவை நடிகர் என்று அவரை ஓர் அறையில் அடைத்துவிட்டோம். அவர் பாடகர், அதுவும் அபூர்வமான பாடகர்.

அவர் தமிழுக்குக் கொண்டுவந்த வித்தைகளுள் ஒன்று ‘யோட்லிங்’. ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் இடையர்கள் ஒருவரையொருவர் அழைத்த கூவலிலிருந்து பிறந்தது இது. நெஞ்சிலிருந்து எழும் இயல்பான குரல், ஒரே மூச்சில் உச்சிக் குரலுக்குத் தாவி, உடனே கீழே இறங்கும், மீண்டும் தாவும். தாவும் இடத்தில் குரல் முறியும். நம் சங்கீத வித்துவான்கள் அந்த உச்சிக் குரலைக் ‘கள்ளக் குரல்’ என்று பெயரிட்டு விலக்கினார்கள். குரல் எங்கே மாறுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாதபடி தையலை மறைத்துத் தைப்பதே அவர்கள் பயிற்சி. யோட்லிங்கோ அந்தத் தையலை வெளியே போட்டுக் காட்டுகிறது. முறிவுதான் அங்கே அழகு. அமெரிக்காவில் இதை ஏழையின் துயரத்தோடு இணைத்தவர் ஜிம்மி ரோஜர்ஸ் என்னும் இரயில்வே தொழிலாளி. அவருடைய குரல் முதன்முதலாக இசைத்தட்டில் பதிவானது 1927-இல், நம் சந்திரபாபு பிறந்த அதே ஆண்டில். காசநோயால் 1933-இல், தம் 35-ஆம் வயதில் அவர் இறந்தபோது, ‘கன்ட்ரி’ என்று இன்று அழைக்கப்படும் நாட்டுப்புற இசைக்குத் தந்தை என்னும் பெயரை விட்டுச் சென்றார். இருமிக்கொண்டே பாடியவரின் கலை அது. குரல் முறியும் இடத்தை மறைக்க அவருக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை.

சந்திரபாபு இதைக் கேலிக்குப் பயன்படுத்தினார் என்று சிலர் நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. சிரிக்க வைக்கும் பாட்டின் நடுவே அந்தக் குரல் திடீரென்று உடைந்து மேலே ஏறும்போது, ஒரு கணம் சிரிப்பவன் வாய் அப்படியே நின்றுவிடும். தனியனின் கூவல் அது. 1958-இல் வெளிவந்த ‘பதிபக்தி’யில் வி.என்.சுந்தரத்தோடு அவர் ராக் அண்டு ரோல் பாடினார். ஒருபக்கம் மரபிசை, மறுபக்கம் மேல்நாட்டு ஆட்டம். இரண்டும் மோதுகிற வேடிக்கையாக அமைந்த பாட்டு. வேடிக்கைதான். ஆனால் மேல்நாட்டுப் பக்கத்தை அவர் பாடும் இலாவகத்தைக் கேட்டால், பரிகாசம் செய்பவனின் குரல் அன்று அது, அந்த இசைக்குள் குடியிருந்தவனின் குரல் என்பது தெரியும்.

புளியங்குடி மேடையில் நம் கலைஞர் சந்திரபாபுவாக வந்தார். சாய்த்துவைத்த தொப்பி, இறுக்கமான கால்சட்டை, முழங்கால்களை உள்ளே மடித்து ஆடும் ஆட்டம். எல்லாம் அச்சாக இருந்தன. பிள்ளைகள் எழுந்து மேடைக்கு அருகே ஓடினார்கள். பாட்டும் நன்றாகவே போயிற்று. யோட்லிங் வரவேண்டிய இடம் வந்தது. அவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு சுழன்றார். கூவல் வந்தது, ஆனால் அவர் தொண்டையிலிருந்து வரவில்லை. கீபோர்டுக்காரரிடம் இருந்த ‘டிராக்’கிலிருந்து வந்தது. மூன்று முறையும் அப்படியே. கூட்டத்தில் பெரும்பாலோர் கவனிக்கவில்லை, கவனித்தவர்களும் பொருட்படுத்தவில்லை. நமக்கு மட்டும் யாரோ நற்கருணைப் பேழையைத் திறந்து பார்த்து வெறுமையாக இருக்கக் கண்டதுபோல ஆயிற்று. உவமை சற்றுக் கடுமையானது என்பதை அறிவோம். அந்த நேரத்தில் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பிறரைப் போலப் பாடுவதே வாழ்வாகக் கொண்டவரிடம் அசலை எதிர்பார்ப்பது நியாயமா? ‘டூப்’ என்று இகழ்வோர் நியாயமில்லை என்பர். ஆனால் நம் இசை வரலாறு வேறொன்று சொல்கிறது. டி.எம்.எஸ். யார்? மதுரையில் 1922-இல் பிறந்த அவர், எம்.கே.தியாகராச பாகவதரைப் போலவே பாடுகிறார் என்பதற்காகத்தான் முதலில் திரைக்கு அழைக்கப்பட்டார். 1946 வாக்கில் பதிவாகி, 1950-இல் ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் வெளிவந்த அவருடைய முதற்பாட்டைக் கேட்பவர் பாகவதர் என்றே மயங்குவர். அசல் பாகவதர் அப்போது லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையில் இருந்தார் என்பதை நினைத்தால் நெஞ்சு சற்று நெருடுகிறது. ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்ட புகழின் உச்சியிலிருந்து அவர் வீழ்ந்திருந்த வேளையில், அவருடைய சாயல் வேறொரு தொண்டையில் வேலைக்கு அமர்த்தப்பட்டது. பாகவதர் 1947-இல் விடுதலையாகி வெளியே வந்தார். பழைய உலகம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. டி.எம்.எஸ். அச்சாயலிலேயே தங்கியிருந்தால் இன்று அவர் பெயரை யார் சொல்வார்? 1954-இல் ‘மலைக்கள்ளன்’, ‘தூக்குத் தூக்கி’ இரண்டும் வந்தன. இரண்டு நடிகர்களுக்கும் இரு வேறு விதமாகத் தொண்டையைத் திருப்பிப் பாடும் அந்த வல்லமையை, போலப் பாடிப் பழகிய காலமே அவருக்குக் கற்றுக்கொடுத்தது என்பது நம் துணிபு.

அதே 1954-இன் ஜூலையில், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் தன் முதல் இசைத்தட்டைப் பதித்தான். ஒரு பக்கம் கறுப்பினப் பாடகர் ஒருவரின் புளூஸ் பாட்டு. மறுபக்கம் வெள்ளைக்காரக் குடியானவர்களின் நாட்டுப்புறப் பாட்டு. இரண்டும் பிறருடையவை. பையன் பெயர் எல்விஸ் பிரெஸ்லி. 1977-இல் அவர் இறந்தபின், அவரைப் போல வெள்ளை உடையும் கிருதாவுமாக மேடையேறுவோர் உலகெங்கும் பெருகினர். 2007 முதல் மெம்பிஸில் அவர்களுக்கென்று போட்டியே நடத்துகிறார்கள். போலி என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எல்விஸ் தொடங்கியதும் பிறர் பாட்டில்தான் என்பதைச் சிரிப்பவர் மறக்கக் கூடாது.

இவ்வளவு தொலைவு போவானேன்? புளியங்குடியிலிருந்து தென்காசி வழியாகப் பேருந்தில் போனால் செங்கோட்டை. எஸ்.ஜி.கிட்டப்பா 1906-இல் பிறந்த ஊர். நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை எட்டிய குரல் அவருடையது. 1933 டிசம்பரில், 27 வயதில் இறந்துவிட்டார். எஞ்சியவை சில இசைத்தட்டுகள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம். இரவெல்லாம் பாடிய ஒருவரை மூன்று நிமிடத் துண்டுகளாக வைத்துக்கொண்டு நாம் எப்படி அறிவது? அறிந்தது பிறர் தொண்டை வழியாக. டி.ஆர்.மகாலிங்கம் அவர் சாயலில் வளர்ந்து, 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’யில் அந்தப் பாணியைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஸ்பெஷல் நாடக ராஜபார்ட் நடிகர்கள் அந்தப் பாணியை ஊர் ஊராகச் சுமந்தார்கள். ஒரு விருத்தத்தை எங்கே நிறுத்துவது, கூட்டம் கைதட்டும் வரை ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்பவற்றை மூன்று நிமிடத் தட்டு கற்றுத்தர முடியாது. ஓர் ஆளைப் பார்த்து மற்றோர் ஆள் கற்பது அது. போலச் செய்பவர்கள் இல்லையேல் கிட்டப்பா மேடையோடு மறைந்திருப்பார்.

போலச் செய்தல் நம் சமயத்துக்கும் புதிதன்று. தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், தாம் கிறிஸ்துவைப் பின்பற்றுவதுபோலத் தம்மைப் பின்பற்றுமாறு கேட்கிறார். அவர் கேட்டது சாயலைத்தான். அது உடையிலும் தாடியிலும் இருப்பது அன்று என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதைவிட நம் மக்களுக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. தவக்காலத்தில் சில ஊர்களில் இன்றும் வியாகுலப் பிரசங்கம் ஓதுகிறார்கள். கோவாவில் பிறந்து இலங்கையில் பணியாற்றிய ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றியது. அதை ஓதும் முதியவர் தம் தந்தை ஓதிய இராகத்திலேயே ஓதுவார். தந்தை தம் பாட்டனாரின் இராகத்தில் ஓதியிருப்பார். ‘உமக்கென்று ஒரு பாணி இல்லையா?’ என்று அவரிடம் எவரும் கேட்பதில்லை. மூச்சு முட்டும் இடத்தில் தேம்புவார். அது பாட்டனாரின் தேம்பலா இவருடைய தேம்பலா என்று பிரிக்க முடியாது. நாம் அந்த இரவில் மேடையில் தேடியது அதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. சாயல் பாட்டனாருடையதாக இருக்கட்டும், மூச்சு ஓதுபவருடையதாக இருக்க வேண்டும். இசையை டிராக்கிலிருந்து எடுக்கலாம். தேம்பலை எடுக்கலாமா?

வேடமே போடாமல் போற்றுவோரும் இருக்கிறார்கள். மேகாலயத் தலைநகர் ஷில்லாங்கில் லூ மஜாவ் என்னும் பாடகர் 1972 முதல் மே 24-ஆம் நாளை, அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்தநாளை, அவருடைய பாட்டுகளைப் பாடியே கொண்டாடி வந்திருக்கிறார். டிலனைப் போல உடுத்துவதில்லை. முழங்காலுக்கு மேல் வெட்டிவிட்ட கால்சட்டையோடு தாமாகவே நிற்கிறார். நம் ஊர்க் கூட்டம் இதற்கு விசிலடிக்குமா என்பது ஐயம். தொப்பி இல்லாத எம்.ஜி.ஆரை அவர்கள் ஏற்கமாட்டார்கள். கலைஞரும் பிழைக்க வேண்டும். ஆகவே தொப்பியை நாம் குறை சொல்லவில்லை.

இன்னொன்றும் நடந்துவிட்டது. 2024-இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ.ஆர்.ரகுமான், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைக் கணினியின் துணையால் மீண்டும் பாட வைத்தார். குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, ஊதியமும் கொடுத்தே செய்ததாக அவர் அறிவித்தார். அந்த அளவில் அது நேர்மையான செயலே. என்றாலும் இனி இறந்தவர் குரலுக்கு ஒரு தொண்டை வேண்டியதில்லை என்றாகிவிட்டது. அந்தக் கணினி ஒருநாளும் தொண்டை கட்டிக்கொண்டு மேடைக்கு வராது. பிடிக்காத சுரத்தை நினைத்து மாலையிலிருந்தே கவலைப்படாது. இறந்தோருக்காக நவம்பர் மாதம் முழுவதும் செபிக்கும் நாம், அவர்களை நினைப்பதற்கும் அவர்களை வேலைக்கு அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணராதவர்கள் அல்லர். இதில் நமக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை. புளியங்குடிக் கலைஞர் சந்திரபாபுவின் கூவலை டிராக்கிடம் ஒப்படைத்தபோது, தம்மை அறியாமலே தம் இடத்தைக் காலி செய்து கொடுத்தார் என்பது மட்டும் உறுதி.

அந்த இரவைப் பற்றி இனிச் சொல்ல வேண்டியது கொஞ்சமே. கச்சேரி முடிய நள்ளிரவு தாண்டிவிட்டது. மேடைக்குப் பின்னால் குழாயடியில் அவர் முகத்துப் பவுடரைக் கழுவிக்கொண்டிருந்தார். நாமே போய்ப் பேசினோம். சிவாஜிப் பாட்டைப் பாராட்டியதும் முகம் மலர்ந்தது. அந்தப் பாட்டை மட்டும் நாள்தோறும் விடியற்காலையில் பாடிப் பழகுவாராம். பிறகு தயங்கித் தயங்கி, யோட்லிங்கை ஏன் டிராக்கில் விட்டீர்கள் என்று கேட்டோம். அவர் கோபிக்கவில்லை.

“அந்த எடத்துல கொரல் ஒடைஞ்சிரும் அண்ணாச்சி. ஒடைஞ்சா ஜனம் சிரிச்சிரும்.”

சந்திரபாபுவுக்கும் அங்கே உடையத்தான் செய்கிறது, அதற்காகவே அது பாடப்படுகிறது என்றோம். அவர் நம்மைக் கொஞ்சம் ஐயத்தோடு பார்த்தார். சந்திரபாபு தூத்துக்குடிக்காரர், பனிமய மாதா பெயரைத் தாங்கியவர் என்றதும் ஐயம் குறைந்து, “நம்ம ஆளா அவரு?” என்றார். முப்பது ஆண்டுகளாக அவர் தொப்பியை அணிந்து பிழைத்தவருக்கு இது தெரியாது. நம் பங்குகளில் யாரும் சொல்லவில்லை.

வேனில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீபோர்டுக்காரர் முன் இருக்கையில் தூங்கத் தொடங்கியிருந்தார். நம் கலைஞர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி சற்று ஒதுங்கிப் போய், மலைப்பக்கம் திரும்பி நின்று, மெல்லிய குரலில் அதைப் பாடிப் பார்த்தார். முதல் தாவலிலேயே குரல் உடைந்தது. கோயில் மண்டபத்தில் படுத்திருந்த இரண்டு பையன்கள் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி தொடங்கினார்.